புலவரா, கவிஞரா, பாவலரா? பெயருக்கு முன்னால் எதைப் போடுவது

கவியரங்க அழைப்பிதழ் தயாரிக்கும்போது தவறாமல் வரும் சிக்கல் இது. மரியாதை கூடட்டும் என்று எல்லாருக்கும் ‘புலவர்’ போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: எந்தக் காலத்தவர்?

கபிலர், பரணர், அவ்வையார் என்றால் யோசிக்கவே வேண்டாம், புலவர்தான். ‘கவிஞர் கபிலர்’ என்று எழுதினால் போன மாதம் தொகுப்பு வெளியிட்டவர் போலிருக்கும். ஆனால் பாணரை இதில் சேர்த்துவிடாதீர்கள். பாணர் யாழ் இசைத்துப் பாடியவர்கள். சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் புலவர். அதில் வள்ளலிடம் போக வழி கேட்டுக்கொள்பவன் பாணன்.

படி 2: கவிதையா, கல்வியா?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். புலம் என்பதற்கு அறிவு என்றும் பொருள் உண்டு. புலமை உள்ளவர் புலவர். அவர் பாட்டு எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லுக்குள் எங்கும் இல்லை.

‘உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல்
அனைத்தே புலவர் தொழில்.’

இந்தக் குறள் (394) இருப்பது கல்வி அதிகாரத்தில். சேர்ந்திருக்கும்போது மகிழ வைத்து, பிரியும்போது ‘இனி எப்போது பார்ப்போம்’ என்று நினைக்க வைப்பதுதான் புலவர் வேலையாம். செய்யுள், யாப்பு என்று பேச்சே இல்லை. கற்றவர்களைத்தான் சொல்கிறார்.

படி 3: படித்து வாங்கிய பட்டமா?

இன்று நாம் பார்க்கும் ‘புலவர்’ பெரும்பாலும் இந்த வகை. தமிழ் படித்துத் தேர்வு எழுதிப் பெறும் பட்டத்துக்கே புலவர் என்று பெயர் இருந்தது. அதைப் பெற்ற தமிழாசிரியர்கள் பலர் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். ஒரு கவிதைகூட எழுதாத புலவர்களும் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டும் வாய்த்தவர் புலவர் குழந்தை: யாப்பதிகாரம் என்ற இலக்கண நூலும் அவருடையது, 1946இல் வெளிவந்த இராவண காவியமும் அவருடையது.

படி 4: இன்று எழுதுகிறவரா?

கவிஞர் போதும். புதுக்கவிதை எழுதும் இளைஞரைப் புலவர் என்றால் அவரே நெளிவார். மரபுக் கவிதை எழுதுபவர்களில், ‘கவி’ வடசொல் என்று தவிர்க்கிறவர்கள் பாவலர் என்பதை விரும்புவார்கள். பெருஞ்சித்திரனாருக்குப் பாவலரேறு என்றுதான் பெயர். பாரதிதாசனோ பாவேந்தர், புரட்சிக்கவிஞர் இரண்டையும் தாங்கி நிற்கிறார். கவிராயர் பழைய வழக்கு. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் போன்றோரோடு அது இருக்கட்டும், புதிதாக யாருக்கும் சூட்டாதீர்கள்.

படி 5: பெண்ணாக இருந்தால்?

புலவர், கவிஞர், பாவலர் எல்லாம் இருபாலுக்கும் பொருந்தும். ‘கவிதாயினி’ புழக்கத்தில் இருந்தாலும் எனக்கு அது தேவையில்லாத ஒட்டு. கவிஞர் என்றே சொல்லுங்கள் என்று கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். புலவருக்குப் பெண்பால் ‘புலத்தி’ என்று மட்டும் நீங்களாகவே உருவாக்கிவிடாதீர்கள். சங்கப் பாடலில் புலத்தி என்பவள் கஞ்சிப் பசையில் தோய்த்த துணியைக் குளத்தில் அலசி வெளுப்பவள் (குறுந்தொகை 330).

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அவர் நூலின் அட்டையில் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அட்டையில் வெறும் பெயர்தான் என்றால் ஒரு போன் போட்டு அவரிடமே கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.