புரூஃப் நாணயத்தில் ஃப்ராஸ்ட்டையும் கண்ணாடிப் பரப்பையும் சோதிப்பது எப்படி

புரூஃப் என்பது சேகரிப்பாளர்களுக்காக, மெருகேற்றிய அச்சில் தனிக் கவனத்தோடு அடிக்கும் நாணயம். அதன் கண்ணாடிபோன்ற பரப்பில் உருவம் மட்டும் பனி படிந்ததுபோல மங்கலான வெண்மையாக (ஃப்ராஸ்ட்) எடுப்பாகத் தெரிந்தால் அது கேமியோ, அந்த வேறுபாடு மிக அழுத்தமாக இருந்தால் டீப் கேமியோ. டியூப்லைட் வெளிச்சத்தில் சாதாரண புரூஃபும் டீப் கேமியோவும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை பல்ப் உள்ள மேசை விளக்கின் கீழ் நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மெருகேறிய வெற்றுப் பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புவதால் சட்டென்று கறுக்கும். ஃப்ராஸ்ட் உள்ள உருவம் ஒளியைச் சிதறடிப்பதால் எந்தக் கோணத்திலும் வெண்மையாகவே நிற்க வேண்டும். சாய்க்கும்போது உருவமும் சேர்ந்து கறுத்தால் அங்கே ஃப்ராஸ்ட் போதாது.

குறை பெரும்பாலும் மேடான இடங்களில்தான் இருக்கும். 5 மடங்கு லென்ஸில் கன்னம், முடி, கழுகின் மார்பு ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். நாணயத்தை அடிக்கும் அச்சின் குழிவுகளில் உள்ள சொரசொரப்புதான் நாணயத்தில் ஃப்ராஸ்ட்டாக விழுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அது தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் 1950 முதல் 1970 வரையிலான அமெரிக்கப் புரூஃப்களில், புது அச்சின் முதல் சில நாணயங்களுக்கே அடர்ந்த ஃப்ராஸ்ட் வாய்த்தது. 1970களில் அச்சுக்குக் குரோமியம் பூசத் தொடங்கியபின் அது நீடித்தது. ஆகவே பிந்தைய புரூஃப்களில் டீப் கேமியோ இருப்பது இயல்பு. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இரு பக்கங்களையும் தனித்தனியே மதிப்பிடுங்கள். முன்பக்கம் டீப் கேமியோ, பின்பக்கம் வெறும் கேமியோ என்றால் நாணயம் கேமியோதான். நாணயங்களைத் தரம் பிரிக்கும் நிறுவனங்களில், பிசிஜிஎஸ் டீப் கேமியோ என்பதை என்ஜிசி அல்ட்ரா கேமியோ என்கிறது.

மோர்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்) போன்ற புழக்க நாணயங்களில் கண்ணாடித்தன்மையைத் தூரத்தால் அளப்பார்கள். அச்செழுத்து உள்ள அட்டையை நாணயத்துக்கு எதிரே பிடித்து மெல்ல விலக்குங்கள். 2 முதல் 4 அங்குலம் வரை பிரதிபலிப்பு தெளிவாக இருந்தால் புரூஃப்லைக். 6 அங்குலத்துக்கு மேலும் தெளிந்தால் டீப் மிரர். இதிலும் இரு பக்கமும் தேற வேண்டும்.

பரப்பில் கோடுகள் தெரிந்தால் லென்ஸில் பாருங்கள். புடைத்த கோடுகள் எழுத்தின் ஓரத்தில் நின்றுவிட்டால் அவை அச்சை மெருகேற்றியபோது வந்தவை, குற்றமில்லை. பள்ளமான கோடுகள் எழுத்தின்மீதும் ஏறிக் கடந்தால் யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். மெருகேற்றிப் போலியாகக் கண்ணாடியாக்கிய நாணயத்தில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். ஒளியின் கோணத்தை மாற்றினாலே சாதாரண புரூஃபும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டும் வீடியோவை, இரு பக்கத்துக்கும், கேட்டு வாங்குங்கள்.