கோவிட் நேரத்தில் வீடு மாறுவதாக இருந்தால்

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) மாறுகிறவர்கள், லோரிக்குச் சொல்வதற்கு முன்னால் மேனேஜ்மெண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, சாமான் ஏற்ற லிஃப்டை எந்த நேரத்துக்குத் தருவார்கள், வேலையாட்கள் எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020, 2021-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது விதிகள் அடிக்கடி மாறின, அதனால் போன மாதம் யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். அப்போது மாநிலம் தாண்டுவதென்றால் போலீஸ் அனுமதியும் தேவைப்பட்டது.

எல்லாரும் பெட்டியைத் துடைப்பதிலேயே நிற்கிறார்கள். ஆபத்து அதிகம் காற்றில்தான்: மூடிய அறையில் நாலு பேர் மூச்சு வாங்க அலமாரியைத் தூக்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான். அதனால் ஏர்கோனை அணைத்து, சன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து, காற்றாடியைப் போட்டுவிட்டு, நீங்கள் வாசலில் நின்றே எது எங்கே என்று சொல்லுங்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் அன்றைக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு முகக்கவரி சீக்கிரம் நனைந்துவிடும், நனைந்தால் மாற்ற வேண்டும், ஆட்களுக்கும் சேர்த்துக் கூடுதலாக வாங்கி வையுங்கள். குடிக்க ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.

சாவி, கதவுப்பிடி, சுவிட்ச், குழாய், இவற்றை ஒரு தடவை துடைத்தால் சரி. பிளீச்சோடு வினிகரை மட்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சோப்பு, துண்டு, சானிடைசர் மூன்றையும் லோரியில் ஏற்றாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பால் காய்ச்சுவதை வீட்டு ஆட்களோடு முடித்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வீடியோ காலில் பார்க்கட்டும். அத்தை கோபித்துக்கொண்டால் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.