குடிவந்த வீட்டுக்குக் கொடுக்கக் கடலை உருண்டை

பால் காய்ச்சிய ஒற்றை அடுப்பு, கூடம் முழுக்கப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள், பசியோடு பிள்ளைகள். குடிவந்த முதல் இரண்டு நாள் எந்த வீடும் இப்படித்தான் இருக்கும். கத்தியோ தட்டோ ஃப்ரிட்ஜோ தேடாமல் சாப்பிடக்கூடிய பண்டமாகக் கொடுத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. பக்கத்து வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கடலை உருண்டை பிடிப்பது அதனால்தான்.

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 2 கப், பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் கால் கப், கொஞ்சம் ஏலக்காய்த்தூள், சுக்குப்பொடி, கையில் தொட்டுக்கொள்ள அரிசி மாவு. மளிகைக் கடையில் ‘பாகு வெல்லம்’ என்றே கேட்டு வாங்குங்கள். வாணலி அடி கனமாக இருக்கட்டும். கறுப்பு நான்ஸ்டிக் சட்டி எனக்குப் பிடிக்காது, பாகின் நிறம் மாறுவது அதில் தெரிவதில்லை.

வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு உருட்டிப் பாருங்கள். மெத்தென்று உருண்டு வந்ததுமே நான் முதல்முறை அடுப்பை அணைத்துவிட்டேன். பிடிக்கும்போது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் எல்லாம் தளர்ந்து ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. அது இளம்பாகு. இன்னும் கொஞ்சம் காய்ச்ச வேண்டும். தண்ணீரில் உருட்டிய அந்தச் சிறு உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கல் விழுந்ததுபோலச் சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். சத்தம் வரும்வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

சத்தம் வந்ததும் அணைத்து, ஏலக்காய், சுக்கு, கடலை எல்லாம் போட்டுக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அரிசி மாவைத் தொட்டு இறுக்கிப் பிடியுங்கள். பாதியில் உதிர ஆரம்பித்தால் பதற வேண்டாம். சட்டியை ஒரு நிமிடம் சிறு தீயில் காட்டினால் மறுபடி இளகிவிடும்.

எவர்சில்வர் டப்பாவில் மட்டும் கொடுக்காதீர்கள். நம்மில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். அரிசி எந்தப் பெட்டியில் இருக்கிறதென்றே தெரியாத நேரத்தில், பாவம், அந்த அம்மா என்னத்தைப் போட்டுத் தருவார்? உருண்டைகளைப் பட்டர் பேப்பரில் சுற்றி அட்டை டப்பாவில் கொடுத்தால் திருப்பித் தரும் கவலை இல்லை.

பின்சேர்க்கை: பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் எழுதாமல் விட்டது தவறு. கொடுக்கும் முன் கட்டாயம் கேட்டுவிடுங்கள். ஆகாது என்றால் சட்டி, கரண்டி எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, இதே பதத்தில் பொரி உருண்டை பிடியுங்கள். 1 கப் வெல்லத்துக்குச் சுமார் 5 கப் பொரி. பொரியை முதலில் வெறும் சட்டியில் சூடு செய்துகொள்ளுங்கள், நமுத்த பொரி எந்தப் பாகிலும் மொறுமொறுப்பாகாது.