ஊரில் இருந்துகொண்டே பி.எச்.டி. முடிப்பது எப்படி: குமரி மாவட்டக்காரர்களுக்கு

வெளியூரில் விடுதி அறை எடுத்து ஆய்வு செய்பவர்களுக்கு எழுதப்பட்ட யோசனைகள் நமக்குப் பாதிதான் உதவும். நாம் இருப்பது வீட்டில். கோவில் கொடைக்கு வரி பிரிக்க ஆள் வேண்டும், சபையில் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை யாராவது நிரப்பித் தர வேண்டும், 'நீ வீட்டிலதானே இருக்க' என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் நம் தலையில் வந்து விழும். காலையில் இவ்வளவு மணி நேரம் ஆய்வு, மாலையில் இவ்வளவு ஊர்வேலை என்று சுவரில் அட்டவணை ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு சாவு வீடோ கல்யாண வீடோ வந்தால் அன்றைக்கே கிழிந்துவிடும். நாளைப் பங்கு போடுவதை விட்டுவிட்டு வருடத்தைப் பங்கு போடுங்கள்.

முதலில் சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி, தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்களையும் (கோர்ஸ் ஒர்க்) சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் கிடைக்கலாம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருடம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இதை வீட்டில் சத்தமாகச் சொல்லி வையுங்கள், குழந்தை பிறந்ததும் படிப்பு முடிந்தது என்று முடிவுகட்டும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் முதலில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் ஊர்க் காலண்டர். டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாள், அதோடு வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும், மார்கழி பிறந்தால் சுசீந்திரம் தேரோட்டம், நடுவில் கிறிஸ்துமஸ். அந்த மாதத்தில் ஒரு அத்தியாயம் எழுதப்போகிறேன் என்று நெறியாளரிடம் வாக்குக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. டிசம்பருக்கு மூளை அதிகம் கேட்காத வேலைகளை ஒதுக்குங்கள்: மேற்கோள் பட்டியலை ஜோட்டெரோ மென்பொருளில் சீராக்குவது, அட்டவணைகளுக்கு எண் போடுவது, பழைய கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்து இன்னொரு டிஸ்கில் நகல் எடுப்பது. பங்குனி, சித்திரையில் கொடை விழாக்கள், செவ்வாயும் வெள்ளியும் இரவெல்லாம் வில்லுப்பாட்டு மைக்கில் ஓடும், வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். எழுத்துக்கு ஏற்ற காலம் மழைக்காலம்தான். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஜூனிலிருந்து ஊர்க்கூட்டங்கள் குறைந்து எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள், யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். கரண்ட் போகும், அதற்கு லேப்டாப்பை எப்போதும் முழு சார்ஜில் வைத்திருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

களப்பணி இருக்கிறவர்கள், நீங்கள் சந்திக்கப்போகும் ஆட்களின் காலண்டரையும் இதே தாளில் எழுத வேண்டும். கடற்கரையில் ஆய்வு என்றால் மீன்பிடித் தடைக்காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் போன்ற கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள், அவர்களை ஊரில் பிடிக்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலைதான். தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டோ எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டோ கரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும், பேசவும் பிடிக்கும். ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுதான். வருமானம் பற்றிய கேள்வித்தாளை நீட்டினால் நிவாரணத் தொகைக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள், பதில்களும் அதற்கேற்றாற்போல் வரும். யார் அனுப்பியது, எதற்கு என்பதை முதலிலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ரப்பர் தோட்டம் என்றால் காலையில் போகாதீர்கள், பால்வெட்டு முடித்து, பாலை எடுத்து, ஷீட் அடித்துவிட்டுத்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரம். தோவாளை பூச்சந்தை என்றால் நேர் எதிர், விடியும் முன்னே போனால்தான் சந்தையைச் சந்தையாகப் பார்க்கலாம், வெயில் ஏறிய பிறகு போனால் மிச்சப் பூவையும் காலிக் கூடையையும்தான் பார்ப்பீர்கள்.

பேட்டி எடுத்த அன்றைக்கே பதிவை ஒருமுறை கேட்டு முக்கியமானதைக் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணி நேரமாவது ஆகும், அதைப் பிறகு செய்யலாம். ஆனால் கடற்கரைப் பேச்சில் வேகமாக வந்துபோகும் ஒரு காற்றின் பெயரோ வலையின் பெயரோ ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உங்களுக்கே புரியாது. அன்றைக்கு என்றால் அந்த அண்ணனுக்கே போன் போட்டு, 'கச்சான்னு சொன்னீங்களா?' என்று கேட்டுவிடலாம்.

சரி, ஊர்வேலை. எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ஆய்வே கதி என்று இருங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படி இருப்பவர்கள் இரண்டாவது வருடத்திலேயே பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் வாடிப்போவதைப் பார்க்கிறோம். ஒரு பொறுப்பை மட்டும் எடுங்கள், அதற்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது, ஓணப் போட்டிகளை நடத்துவது, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு வகுப்பு, இப்படி ஏதாவது ஒன்று. பொருளாளர் பதவியைத் தொடாதீர்கள். ரசீது புத்தகம் கையில் இருந்தால் இரவு பத்து மணிக்கும் ஆள் வரும், கணக்கில் நூறு ரூபாய் இடித்தால் ஆறு மாதம் தூக்கம் போகும். விண்ணப்பம், மனு எழுதித் தருகிற வேலைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒரு நேரம் வைத்து எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் ஊர் பழகிவிடும்.

இன்னொன்று, இது பலருக்கும் தோன்றாதது: எந்த அமைப்பில் பொறுப்பில் இருக்கிறீர்களோ அங்கேயே தரவு எடுக்காதீர்கள். சங்கச் செயலாளர் கேள்வி கேட்டால் உறுப்பினர் செயலாளருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். வேறு வழியே இல்லையென்றால் ஆய்வேட்டில் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் கண்டதை நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொண்டுபோய் அந்த ஊரில் படித்துக் காட்டுங்கள், அந்த மக்கள் ஆங்கிலத்தில் இருக்கிற உங்கள் ஆய்வேட்டை ஷோத்கங்கா என்ற ஆய்வேடுகளின் இணையத் தளத்தில் தேடிப் படிக்கப் போவதில்லை.

'இன்னும் முடியலியா மக்களே?' என்ற கேள்விக்கு நீளமாக விளக்கம் சொன்னால் அது விவாதமாகிவிடும். 'அடுத்த ஜூன்ல கொடுக்கணும் மாமா' என்று ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் மகளைப் பற்றி விசாரியுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அது முதுநிலை (எஸ்ஆர்எஃப்) ஆனதும் 42,000. ஆனால் அது மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பி தவணையில் வண்டி வாங்காதீர்கள். உதவித்தொகை இல்லாதவர்கள் டியூஷன் எடுப்பதானால் பொதுத்தேர்வுக் காலத்தில் ஆய்வு நின்றுவிடும் என்று முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர்கள் கட்டணம், கையெழுத்து, நூலகம் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து வையுங்கள். வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் மாறிப் போய் வருவதற்குள் ஒரு நாள் காலி.

ஓய்வுக்கு மூணாறு போக வேண்டாம், பக்கத்திலேயே இருக்கிறது. சிதறால் மலையில் ஏறி சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. குளிர்காலத்தில் தேரூர் குளத்தில் வலசைப் பறவைகள் வரும். சங்குத்துறையில் மாலையில் ஒரு ரசவடை தின்றுவிட்டுத் திரும்பினாலும் போதும், ஆனால் ஜூன், ஜூலையில் கடலில் இறங்காதீர்கள், நம் பக்கத்து அலை அப்போது விளையாட்டுக்கு ஆகாது. ஒரே நிபந்தனை, ஆய்வு நடக்கும் ஊருக்கே ஓய்வுக்கும் போகக் கூடாது, கை தானாக நோட்டை எடுத்துவிடும்.

ஆய்வேடு கொடுப்பதற்கு முந்தின ஆறு மாதத்தில் ஊர்ப்பொறுப்பைக் கைமாற்றிவிடுங்கள். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் வர வேண்டும், திருத்தம் வரும், பக்க எண் மாறும், அப்போது ஓணப் போட்டி நடத்த முடியாது. 'கொஞ்ச நாள் பார்த்துக்கோ' என்று வாய்வார்த்தையாகச் சொல்லாமல், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அடுத்தவர் பெயரை நோட்டில் எழுத வைத்து, படிப்பகச் சாவியையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.