30 நாள் விசாவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும்: ஊரில் நீண்ட நாள் நிற்கப் போவோருக்கு

அம்மாவுக்குக் கடும் வருத்தம் என்று தம்பி எடுத்துச் சொன்ன இரவே ரிக்கெற் போட்டேன். இலங்கை விசாவையும் இணையத்தில் எடுத்தாயிற்று. 30 நாள், தாராளம் என்று நினைத்தேன். நான் போய் ஆறாம் நாள் அம்மா கண்ணை மூடினார். எட்டுச் செலவு முடிந்து, இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு ஐயரோடு நாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 31ஆம் நாள் கிரியை வருவதற்கு ஆறு நாள் முன்னதாகவே என் விசா முடிகிறது. பெற்ற தாயின் கடனை முடிக்க, பிறந்த ஊரில் நிற்பதற்கு அனுமதி கேட்க வேண்டிய வெளிநாட்டவன் நான். கையில் நாள் இருந்தபடியால் விசாவை நீட்டிக்க முடிந்தது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களில் பலர் மலிவாகக் கிடைத்த அன்றே ரிக்கெற்றைப் போட்டுவிட்டு, விசாவைக் கடைசி வாரத்தில் நினைக்கிறோம். முதலில் நாட்களை எண்ணுங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் சொந்தத்தில் ஒரு கலியாணம் இருக்கும். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முந்தி இறங்கி, தீர்த்தமும் பார்த்து, கலியாணத்துக்கும் நின்றால் 30 நாள் காணாது. நீட்டிக்க வேண்டிவரும் என்று இங்கேயே தெரிந்துகொண்டு போனால் அங்கே பதறத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சுற்றுலாவாகப் போகிறவர்கள் ஈ.ரி.ஏ. எனப்படும் இணைய முன் அனுமதியை எடுக்க வேண்டும். 2012 ஜனவரியில் தொடங்கிய முறை இது. பொதுவாக 30 நாள், இரு முறை நுழையலாம். 2024 ஏப்ரலில் இந்த வேலை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்பட்டது. ஓகஸ்ற்றில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செப்ரெம்பரில் பழைய முறை திரும்பி வந்தது. ஒரே ஆண்டில் இத்தனை மாற்றம் என்றால், போன வருடம் போய்வந்த மச்சான் சொல்லும் கட்டணத்தையும் வழிமுறையையும் அப்படியே நம்பக்கூடாது. கட்டணம் நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே பயணத்துக்கு முன் அரச தளத்தில் நீங்களே பாருங்கள். அரச தளத்தின் முகவரி ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியும். தேடும்போது அதற்கு மேலே வந்து நிற்கும் தளங்கள் பல, அதே விண்ணப்பத்தைக் கூடுதல் காசுக்கு நிரப்பிக் கொடுக்கும் இடைத்தரகர்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

விண்ணப்பத்தில் எங்கள் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது பெயரில். அப்பாவின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது ஊரில் ஒரு மாதிரி, கனடாவில் இன்னொரு மாதிரி. வீட்டில் அழைக்கும் ஒழுங்கை மறந்துவிட்டு, கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அதில் எது குடும்பப் பெயராக முதலில் நிற்கிறதோ அதுவே விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர். இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் விமானம் ஏறும் இடத்திலேயே மறிப்பார்கள்.

கடவுச்சீட்டு, இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை மறந்துவிடுகிறோம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் 16 வயதுக்கு உட்பட்டோரின் கடவுச்சீட்டு 5 ஆண்டுக்கு மேல் போகாது. தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தரும் விஷயம். அகதி அந்தஸ்துப் பெற்று, இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். அகதிகளுக்கான பயண ஆவணத்தில் பெரும்பாலும் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு என்றே எழுதியிருக்கும். சிலர் தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து அதில் போகப் பார்க்கிறார்கள். கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அப்படிப் போவதை ‘சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார்’ என்று கொண்டு அகதி நிலையை மட்டுமல்ல, நிரந்தர வதிவுரிமையையும் பறிக்க முடியும். சுவிற்சர்லாந்திலும் பிறந்த நாட்டுக்குப் போனால் அகதி நிலை பறிபோகலாம். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கத் துடிக்கும் மனசு எனக்குத் தெரியும். அப்படியானாலும் ரிக்கெற் போடமுன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் பேசுங்கள். ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பெற்றதை ஒரு பயணத்தில் இழந்துவிடக்கூடாது.

குடியுரிமை எடுத்தவர்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெறும்போது இலங்கைக் குடியுரிமை போய்விடும். மேசை லாச்சியில் இருக்கும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியாகவில்லை என்பதற்காக அதைக் காட்டி நுழைய எண்ண வேண்டாம். அடிக்கடி போகிறவர்கள், ஓய்வு பெற்று ஆண்டில் பாதியை ஊரில் கழிக்க நினைப்பவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் எண்ணம். செலவும் காத்திருப்பும் உண்டு. கிடைத்துவிட்டால் நாட்களை எண்ணும் வேலை ஓய்ந்தது. இலங்கைக் கடவுச்சீட்டில் நுழையுங்கள், திரும்பிவர மற்றக் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். காணி விஷயத்திலும் இது முக்கியம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

சென்னையில் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு பலாலி வழியாக ஊருக்குப் போகும் வழக்கம் இப்போது கூடியிருக்கிறது. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. நல்ல வசதிதான். ஆனால் லண்டன் – சென்னை ஒரு ரிக்கெற், சென்னை – பலாலி வேறு ரிக்கெற் என்று எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சிறிய விமானம், பெட்டிகளின் நிறையையும் முன்கூட்டியே கேளுங்கள். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலில் போக விரும்புவோர், இந்திய மின்விசாவில் இறங்க அனுமதி குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். நாகபட்டினம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலுக்குக் காசு கட்டுங்கள்.

சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. கச்சேரிக்கு, விரிவுரைக்கு என்று ஊர்ச் சங்கங்கள் கூப்பிட்டால், அதற்கு எந்த விசா என்று அழைப்பவர்களிடமே முதலில் கேளுங்கள்.

நீட்டிப்புக்கு வருவோம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் இணைய வழியாகவே விண்ணப்பிக்கலாம். முன்பு போல, 400 கிலோமீற்றர் பஸ்ஸில் இரவிரவாகப் போய்ப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டின் படப் பக்கம், நுழைவு முத்திரை உள்ள பக்கம், திரும்பும் ரிக்கெற் மூன்றையும் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து வைத்திருங்கள். ஆறு மாதம்வரை நீட்டிக்க வழி உண்டு. விசா முடியமுன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. பிந்தினால் தண்டப்பணம், புறப்படும் நாளில் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லும் அலைச்சல், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதன் தடம். திரும்பும் ரிக்கெற்றைத் திகதி மாற்றக்கூடியதாக எடுப்பதும் நல்லது. முதியவர்களைப் பார்க்கப் போகும் பயணத்தில் நாள் எங்கள் கையில் இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு மேசையை விட்டு நகரமுன் முத்திரையைப் பாருங்கள். எந்தத் திகதிவரை என்று விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். பின்னால் பிள்ளைகள் அழுதாலும், வெளியே வான் காத்து நின்றாலும் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்தத் திகதிக்குப் பத்து நாள் முந்தி சுவர்க் கலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். நான் போட்டது அம்மாவின் பஞ்சாங்கக் கலண்டரில். அந்தியேட்டிக்கு ஐயர் குறித்துத் தந்த திகதிக்கு இரண்டு வரி மேலே அது இருந்தது.