'லாய்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

நேரத்தை வீணாக்குவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் உண்டு. அவற்றில் கடை வாசல்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அதிகம் கண்ணில் படுவது 'லாய்ட்டர்'. அகராதியில் 'வீணாக நேரம் போக்குதல்' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு இதை எழுதத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். ஆனால் இச்சொல்லுக்குள் ஓர் இடமும் இருக்கிறது, ஒரு சந்தேகமும் இருக்கிறது. அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டால் இதைத் தவறாக எழுத வாய்ப்பே இல்லை.

முதல் படி: ஒலியும் எழுத்தும்

எல், ஓ, ஐ, டி, இ, ஆர் என்பவை இதன் எழுத்துகள். 'டாய்லெட்' என்று சொல்லும்போது முதலில் வரும் 'ஆய்' ஒலிதான் இங்கும். அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். அமெரிக்கர்கள் நடுவில் உள்ள டகரத்தை மெலித்து, ஏறக்குறைய 'லாய்டர்' என்பார்கள். 'இங்' சேரும்போது ஆர் எழுத்து இரட்டிக்காது. அழுத்தம் கடைசி அசையில் இல்லாததே அதற்குக் காரணம். 'ரெஃபர்' என்ற சொல்லில் அழுத்தம் கடைசியில் விழுவதால் 'ரெஃபரிங்' எழுதும்போது ஆர் இரட்டிக்கிறது.

இரண்டாம் படி: பொருளின் மையம்

ஓர் இடத்தில், வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல், நின்றுகொண்டோ சுற்றிக்கொண்டோ இருப்பதுதான் லாய்ட்டர். பள்ளி விட்டு நேராக வீட்டுக்கு வராமல் கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு மெல்ல வருவதும் இதில் அடங்கும்.

வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்ப்பவர் நேரத்தை வீணாக்குகிறார். அவர் லாய்ட்டர் செய்யவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நிற்பவரும் செய்யவில்லை, ஏனென்றால் அவர் நிற்பதற்கான காரணம் எல்லோருக்கும் தெரிகிறது. அதே மனிதர் கடைசி பஸ்ஸும் போன பிறகு, பூட்டிய நகைக்கடை எதிரே நின்றால் இச்சொல் பொருந்தும்.

பார்ப்பவர் மனத்தில் 'இவர் ஏன் இங்கே நிற்கிறார்?' என்ற கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்வி எழவில்லையென்றால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் பொருத்துவது

தமிழில் 'நேரத்தை வீணாக்கினான்' என்கிறோம். 'நேரத்தை' என்பது செயப்படுபொருள். அதே பழக்கத்தில் 'ஹி லாய்ட்டர்ட் ஹிஸ் டைம்' என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. லாய்ட்டர் பொதுவாகச் செயப்படுபொருளை ஏற்காது. நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'வேஸ்ட்' என்ற வினையைப் போடுங்கள்.

லாய்ட்டருக்குப் பின் வர வேண்டியது இடம். 'தே வேர் லாய்ட்டரிங் அவுட்சைட் தி பேங்க்' என்பது நல்ல வாக்கியம். வங்கிக்கு வெளியே அவர்கள் காரணமின்றி நின்றுகொண்டிருந்தார்கள் என்று பொருள். அவுட்சைட், நியர், இன், அரவுண்ட் போன்ற சொற்கள் இதனுடன் இயல்பாகச் சேரும்.

நான்காம் படி: சந்தேகத்தின் நிழல்

இந்தப் படியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். இச்சொல்லின் குணம் இங்கேதான் தெரிகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது சட்டச் சொல்லாகவும் இருந்துவருகிறது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தில் ஒரு பிரிவு, குற்றம் செய்யும் எண்ணத்தோடு பொது இடத்தில் சுற்றி நிற்கும் சந்தேக நபரைக் கைது செய்ய வழிவகுத்தது. 'லாய்ட்டரிங் வித் இன்டென்ட்' என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைத்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. அந்தப் பிரிவு கறுப்பின இளைஞர்கள் மீது அளவுக்கு மீறிப் பாய்கிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1981இல் அது நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1992இல் தெருக் கும்பல்களைக் கலைக்க ஒரு விதி கொண்டுவந்தது. கும்பலைச் சேர்ந்தவர் என்று போலீசார் கருதும் ஒருவர் மற்றவர்களோடு லாய்ட்டர் செய்தால் கலைந்து போகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. 'வெளிப்படையான நோக்கமின்றி ஓர் இடத்தில் இருப்பது' என்பதே லாய்ட்டருக்கு அந்த விதி கொடுத்த விளக்கம். மூன்றே ஆண்டுகளில் 42,000க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஒருவருக்கு நோக்கம் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்க்கும் போலீஸ்காரரின் எண்ணத்துக்கே விட்டுவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது. தெருவில் சும்மா நிற்பதும் மனிதருக்கு உள்ள உரிமைதானே!

ஆகவே நண்பரிடம் 'நேற்று எங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தாயே' என்று அன்பாகக் கேட்க இச்சொல்லை எடுக்காதீர்கள். குற்றம் சாட்டுவதாகிவிடும். 'நோ லாய்ட்டரிங்' என்ற பலகையைக் கண்டால், வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பக்கத்துச் சொற்கள்

கிளம்ப மனமில்லாமல் ஓர் இடத்திலேயே தங்கியிருப்பது 'லிங்கர்'. விருந்து முடிந்தும் கிளம்பாமல் பேசிக்கொண்டிருக்கும் உறவினருக்கு இது பொருந்தும். அன்பும் ஏக்கமும் கொண்ட சொல், மணத்துக்கும் நினைவுக்கும்கூட வரும். செய்கிற வேலையை இழுத்து இழுத்து மெதுவாகச் செய்வது 'டாடில்'. செய்ய வேண்டியதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுவது 'பிரொக்ராஸ்டினேட்'. இலத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை. அது அச்சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆறாம் படி: வானத்தில் ஒரு புதிய பொருள்

போர்ச் செய்திகளில் 'லாய்ட்டரிங் மியூனிஷன்' என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். இலக்கு தென்படும் வரை வானில் வட்டமிட்டுக் காத்திருந்து, பிறகு அதன்மேல் பாய்ந்து வெடிக்கும் ஆளில்லா ஆயுதம் அது. இஸ்ரேலில் தயாரான 'ஹாரப்' இந்த வகை. 2020இல் நகோர்னோ கராபாக் போரில் அசர்பைஜான் இதைப் பயன்படுத்தியது. விமானத் துறையில் லாய்ட்டர் என்றால், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்து ஒரே பகுதியில் நீண்ட நேரம் சுற்றுவது. இங்கே நேரம் வீணாவதில்லை. ஆனால் ஓர் இடத்தை விட்டு அகலாமல் இருப்பது என்ற பொருள் அப்படியே தொடர்கிறது.

ஏழாம் படி: பயிற்சி

கீழுள்ள நான்குக்கும் சரியான சொல்லை நீங்களே முதலில் எழுதிப் பாருங்கள்.

ஏடிஎம் வாசலில் இரண்டு பேர் வெகுநேரமாக நிற்கிறார்கள். பணமும் எடுக்கவில்லை, போகவும் இல்லை.

பாட்டி வீட்டிலிருந்து கிளம்ப மனம் வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

சட்டைக்குப் பொத்தான் போடவே பையனுக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

வருமான வரிக் கணக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

விடைகள் வரிசையாக: லாய்ட்டர், லிங்கர், டாடில், பிரொக்ராஸ்டினேட். முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதும்போது, வினைக்கு அடுத்து 'அவுட்சைட் தி ஏடிஎம்' என்று இடம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'டைம்' என்ற சொல் அங்கே நுழைந்திருந்தால் மூன்றாம் படியை இன்னொரு முறை படித்துவிட்டுத் திருத்துங்கள்.