அறுபது வயதில் புதிதாக வரும் தலைவலி: ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸில் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் தலைவலிக்கு டாக்டரிடம் ஓடுகிறவர்கள் குறைவு. வெயில், பித்தம், சைனஸ், தூக்கமின்மை, கண்ணாடி பவர் என்று காரணங்கள் எப்போதும் கைவசம் இருக்கும். கொஞ்சம் தைலம், ஒரு காபி, அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. பெரும்பாலான தலைவலிகளுக்கு இதுவே போதும்தான். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கு, வாழ்நாளில் இதுவரை அறியாத ஒரு வலி நெற்றிப்பொட்டில் வந்து நாள்கணக்கில் விடாமல் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அது ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸாக இருக்கலாம். டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ் என்றும் சொல்வார்கள்.

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தமனிகளின் சுவரைத் தாக்குகிறது. சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகுகிறது. தலையின் பக்கவாட்டில் ஓடும் தமனி, தாடைத் தசைகளுக்குப் போகும் தமனி, கண் நரம்புக்கு ரத்தம் தரும் மெல்லிய தமனிகள் ஆகியவைதான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. கண் நரம்புக்கு ரத்தம் நின்றால் பார்வை போய்விடும். அப்படிப் போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. 50 வயதுக்குக் கீழே இந்த நோய் வருவது மிக அபூர்வம். 70களில் இருப்பவர்களிடம்தான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. வட ஐரோப்பியர்களிடம் அதிகமாகவும் நம்மிடம் அரிதாகவும் காணப்படுவதால், நம் ஊர் டாக்டருக்கும் சட்டென்று இது நினைவுக்கு வராமல் போகலாம். அதனால் நோயாளியின் வீட்டார் கொஞ்சம் விவரமாக இருப்பது நல்லது.

ஒரே நோயைப் பல கிளினிக்குகளுக்குப் பங்கு போடுவது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். 72 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். தாடை வலிக்குப் பல் டாக்டர். தோள்பட்டை வலிக்கு எலும்பு டாக்டர். பார்வை மங்கலுக்குக் கண்ணாடிக் கடை. லேசான காய்ச்சல், எடைக் குறைவு என்றால் தெருமுனை டாக்டர். அந்த டாக்டருக்கு டிபி சந்தேகம். தனித்தனியாகப் பார்த்தால் யார் செய்ததிலும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நபர் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் தாடை வலியை மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். சொத்தைப் பல் ஒரு இடத்தில் வலிக்கும், ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். இந்த நோயின் வலி அப்படி இல்லை. சாப்பாட்டை மெல்லத் தொடங்கும்போது ஒன்றும் இருக்காது, கொஞ்ச நேரம் மென்றதும் தாடை ஓய்ந்து வலிக்கும், நிறுத்தினால் அடங்கும், மறுபடி மென்றால் மறுபடி வரும். உழைக்கும் தசைக்கு வேண்டிய ரத்தம் வராததால் வரும் வலி இது. தலைவலியோடு இதுவும் சேர்ந்தால் சந்தேகம் பல மடங்கு வலுக்கும்.

நம் வீடுகளில் இது வெளியே தெரியாமலே போவதற்கு ஒரு காரணம் உண்டு. வயதானவர்கள் தாங்களாகவே ரசம் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் மாறிவிடுவார்கள். மெல்லும் வேலையே இல்லை என்றால் வலி எங்கே தெரியும்? "தாடை வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "சப்பாத்தியை ஏன் பாதியில் வைக்கிறீங்க? வெற்றிலை போடுவதை ஏன் விட்டீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

தலைத்தோல் வலியும் அப்படித்தான். 1890இல் ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நெற்றிப்பொட்டுத் தமனிகள் வீங்கி வலித்ததால் தொப்பி போட முடியாமல் போன ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். இங்கே தொப்பிக்கு வேலை இல்லை. தலை சீவும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, தலையணையில் ஒருக்களித்துப் படுக்கும்போது, ஹெல்மெட் மாட்டும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். தொட்டால் நெற்றிப்பொட்டுத் தமனி கயிறு போலத் தடித்துத் தட்டுப்படலாம்.

தோள், இடுப்பு விறைப்பு இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இரண்டு தோளும் இறுகிப்போய், கொண்டை போடக் கையைத் தூக்க முடியாது. சுகர் உள்ளவர் என்றால் ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். எப்போதோ சிக்குன்குனியா வந்திருந்தால் பழி அதன் மேல் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், புதிதாக, காலையில் மோசமாக இருக்கிறது என்றால் அந்தப் பெயர்களோடு திருப்திப்பட வேண்டாம்.

"கொஞ்ச நேரம் இருட்டாச்சு, சரியாயிடுச்சு"

ஒரு கண்ணில் திரை விழுந்தது போல இருண்டு, சில நிமிடங்களில் தெளிந்துவிடும். சிலருக்கு உருவம் இரண்டாகத் தெரியும். தெளிந்துவிட்டதே என்று அடுத்த கண் சிகிச்சை முகாம் வரை காத்திருப்பவர்கள் உண்டு. முதியவர் என்றாலே புரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் புரை இப்படி வந்து போவதில்லை. இது நிரந்தர இழப்புக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். ஒரு கண் போன பிறகும் சிகிச்சை தராவிட்டால், அடுத்த கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போகக்கூடும். கழுத்துத் தமனி அடைப்பாலும் இதே மாதிரி பார்வை இருளலாம். அதுவும் பக்கவாதத்துக்கான அவசர அறிகுறிதான். எப்படிப் பார்த்தாலும் அன்றே கிளம்ப வேண்டும்.

இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குத் தூரம் ஒரு சாக்கு இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தனியாரிலும் பெரிய கண் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. கவுன்டரில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். "பார்வை மங்கல்" என்றால் டோக்கன் தந்து வரிசையில் உட்கார வைப்பார்கள். "வயது 72, இரண்டு வாரமாகப் புதுத் தலைவலி, இன்று காலை ஒரு கண் சில நிமிடம் தெரியவில்லை" என்று சொல்லுங்கள், வேகம் மாறும்.

ஈஎஸ்ஆர் எண்ணை மட்டும் நம்புவது

ரத்தத்தில், உடலுக்குள் அழற்சி, அதாவது புண்பட்டது போன்ற வீக்கம், இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, கூடவே தட்டணுக்கள் என மூன்றையும் பார்ப்பார்கள். ஈஎஸ்ஆர் வயதோடு ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது தோராயமான மேல் எல்லை. 70 வயதுப் பெண்ணுக்கு 40 வந்தால் பதற வேண்டியதில்லை. ரத்தசோகை, தொற்று, சிறுநீரகக் கோளாறு எல்லாமே அதை ஏற்றும். மறுபுறம், ஈஎஸ்ஆர் சரியாக இருந்தும் இந்த நோய் உள்ள சிலர் உண்டு. சிஆர்பியையும் சேர்த்துப் பார்த்தால் தவறவிடும் வாய்ப்பு குறையும். இரண்டும் சரியாக இருந்தாலும் அறிகுறி பலமாக இருந்தால், எண்ணைவிட நோயாளி சொல்வதற்கே எடை அதிகம்.

பயாப்ஸி முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

பெரும்பாலான நோய்களில் சோதனை முதலில், மருந்து அப்புறம். இங்கே வலுவான சந்தேகம் வந்ததும் ஸ்டீராய்டு தொடங்கிவிட வேண்டும். ரத்த மாதிரியை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. அதன் முடிவுக்காக மருந்து நிற்கக் கூடாது. வழக்கமாக நாளுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். பார்வை பாதிக்கப்பட்டிருந்தால் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் என்று மூன்று நாள் வரை ரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். இது டாக்டர் எழுத வேண்டிய மருந்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதல்ல.

ஸ்டீராய்டு போட்டால் பயாப்ஸி கெட்டுவிடும் என்ற தயக்கம் தேவையில்லை. தமனியில் உள்ள மாற்றங்கள் இரண்டு வாரமாவது தெரியும். மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றிப்பொட்டில் 1 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டு எடுக்கும் சிறு அறுவை சிகிச்சைதான் அது. அழற்சி தமனி நெடுக ஒரே சீராக இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். அதனால் முடிவு நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம், வீங்கிய தமனியைச் சுற்றிக் கருவளையம் தெரியும். அது மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மங்கத் தொடங்குவதால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. பழக்கப்பட்ட கை செய்தால்தான் அதற்கு மதிப்பு. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், இந்த நோயையும் பார்க்கும் வாதநோய்த் துறை தனியாகவே இருக்கிறது.

மருந்து தொடங்கிய சில நாட்களில் தலைவலி கணிசமாகக் குறையும். குறையவே இல்லை என்றால், நோய் இதுதானா என்று திரும்ப யோசிக்க வேண்டும்.

ஸ்டீராய்டுக்குப் பயப்படுவது, அப்புறம் அலட்சியமாவது

"ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்பவரும், பத்து நாளில் வலி போனதும் தானாக நிறுத்துபவரும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்குத்தான். அளவை இரண்டு மூன்று மாதத்தில் 15–20 மில்லிகிராமுக்கும், ஏறக்குறைய ஒரு வருடத்தில் 5 மில்லிகிராமுக்கும் இறக்குவது இலக்கு. மொத்தத்தில் இரண்டு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புவது ஒரு பக்கம். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும் என்பதால் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுகர் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. காலையில் போடும் பிரெட்னிசலோன், மதியமும் மாலையும்தான் சுகரை அதிகம் ஏற்றும். வெறும் வயிற்றுச் சோதனை அழகாக இருக்கும், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு 300ஐத் தாண்டியிருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் மாத்திரை என எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். எலும்பு முறிந்த பிறகு பேசிப் பயனில்லை. கண் அழுத்தமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும்.

ஸ்டீராய்டைக் குறைக்க முடியாதவர்களுக்கு டோசிலிசுமாப் ஊசி இருக்கிறது. 2017இல் வெளியான ஜியாக்டா ஆய்வில், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களைவிட இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் கூடுதலானோர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். விலை அதிகம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தும் ஒரு வழி. டோசிலிசுமாப் ஊசி தொடங்கும் முன் மறைந்திருக்கும் டிபிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் சோதனை செய்யாமல் விடுவது நம் நாட்டில் பெரிய பிழை. இன்னொன்று, இந்த ஊசி போடுபவருக்கு சிஆர்பியும் ஈஎஸ்ஆரும் மருந்தாலேயே இறங்கிவிடும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வரும் தாடை வலியை ஒதுக்கக் கூடாது.

நோய் அடங்கி வருடங்கள் கழித்தும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கலாம். இரண்டு கையிலும் பிபி பார்ப்பது, டாக்டர் சொன்னால் ஸ்கேன் எடுப்பது ஆகியவற்றை விடாதீர்கள். அளவு குறையும் காலத்தில் தலைவலி திரும்பினால் மாத்திரையை நீங்களே கூட்டாமல், பார்க்கும் டாக்டரைக் கூப்பிடுங்கள். கண்ணில் ஏதாவது மாறினால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மாத்திரை அட்டையையும் கடைசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேராகக் கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.